ஜுரம் எப்போ ஆரம்பிச்சுது?

அத்தியாயம் 11

பொய் சொல்ல ஜெபகுமாருக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"ஜுரம் எப்போ ஆரம்பிச்சுது சார்?" என்று டாக்டர் மாளவிகா கேட்டதும், "இன்னைக்கு மதியம் மேடம். சர்ச் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் தான். பன்னெண்டு மணி இருக்கும்" என்றார்.

டாக்டர் கட்டிலில் கிடந்த ஷீலாவிடம் குனிந்தார். "அம்மா, அப்படித் தானா?"

ஷீலாவுக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. இமையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். "அவர் சொன்னா சரி."

டாக்டர் எழுதிக்கொண்டார். 12.00.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மகள் சினேகாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணியா? நேற்று ராத்திரி பத்து நாற்பதுக்கு அம்மாவுக்குத் தெர்மாமீட்டர் வைத்தது யார்? நூற்றியொன்று புள்ளி இரண்டு என்று கத்தியது யார்?

பத்து வாரமாக இந்த வீட்டோடு வருகிறவர்களுக்கு ஷீலாவின் கழுத்துக் கட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஒரு முறை கீமோவில் கரைந்த நிணநீர்ப் புற்று, மறுபடியும் தலைகாட்டியது. இரண்டாம் முறை கீமோ அதை அசைக்கவில்லை. கடைசியாகக் குரோம்பேட்டைப் பக்கம் இருக்கிற இந்த ஆஸ்பத்திரியில், வாரத்துக்கு ஒன்று என்று புது ஊசிக்கு அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஊசியிலேயே கட்டி இளகியது. முந்தாநாள் வெள்ளிக்கிழமை போட்டது மூன்றாவது ஊசி. முழு டோஸ்.

ஊசியோடு ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்கள். 'காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால், பகலோ இரவோ, உடனே கூப்பிடவும்.' கீழே போன் நம்பர்.

சினேகா கூப்பிட்டாள். கூப்பிடாமல் இல்லை. அந்தப் பக்கம் 'ஹலோ' என்றதுமே அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"காலையில மம்மி சாட்சி சொல்லணும். இந்நேரத்துல போய் ஜுரம்னு வாயால அறிக்கை பண்ணுவியா? சுகம்னு சொல்லு. சொல்லு!"

முடிச்சூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடுகிற அந்தச் சபையில் ஜெபகுமார் மூப்பர். டைல்ஸ் கடையில் வாரம் ஆறு நாள் 'ஏம்ப்பா ஜெபகுமாரு' என்று ஒருமையில் கூப்பிடப்படுகிற மனுஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் வரிசையில் நாற்காலி. இந்த ஞாயிறு 'சுகம் பெற்ற சகோதரி ஷீலாவின் சாட்சி' என்று, தலைமுடி இருந்த காலத்துப் போட்டோவோடு வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்பியதும் அவர்தான். சாட்சி சொல்வதாக அறிவித்த பிறகு நோயின் பெயரை வாயால் சொன்னால், வந்த சுகம் திரும்பிப் போய்விடும் என்று அங்கே சிலருக்கு ஒரு நம்பிக்கை. அந்தச் சிலரில் முதல் ஆள் அவர்.

ராத்திரி ஒரு காய்ச்சல் மாத்திரை. விடியற்காலை ஒன்று. புறப்படும்போது இன்னொன்று.

ஷீலா பதினொரு நிமிஷம் மைக் பிடித்தாள். "எனக்கு இப்ப ஒண்ணுமே இல்ல. ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டார்." தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃப் வியர்வையில் ஊறி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. மாடி முழுக்கக் கை தட்டியது. சினேகா தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, வாஷ்பேசின் பக்கத்தில் கை கழுவப் போன ஷீலா அப்படியே சரிந்தாள். சபை வேனில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூடவே பாஸ்டர் அசரியாவும் வந்தார்.

கேஷுவால்டி வாசலிலேயே சினேகா ஆரம்பித்தாள். "சிஸ்டர், ஜுரம் நேத்து நைட்டுல இருந்தே..."

"நீ சின்னப் பொண்ணு, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. பெரியவங்க பேசட்டும்" என்றாள் அந்த சிஸ்டர்.

பெரியவர்கள் பேசினார்கள். எழுதியாயிற்று, 12.00.

*

மூன்றரை மணிக்கு ரத்த ரிப்போர்ட் வந்தது. நாலாவது மாடி வராந்தாவில் டாக்டர் மாளவிகா நின்றபடியே பேசினார். முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு நாள் தூங்காத கண்.

"ரெண்டு விதமான ஜுரம் இருக்கு சார். ஒண்ணு கிருமியால வர்றது. இவங்களுக்கு எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மி, கிருமி உள்ள போனா ஒரே ராத்திரியில ஆளைச் சாய்ச்சிடும். இன்னொண்ணு, நாங்க போட்ட ஊசியே குடுக்குற ஜுரம். மருந்து வேலை செய்யுறப்ப உடம்பு கொதிக்கும். வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணு தான். அதே நடுக்கம், அதே மாதிரி பி.பி. இறங்கும்."

"எப்படி டாக்டர் பிரிச்சுப் பார்ப்பீங்க?" என்றார் பாஸ்டர்.

"ரத்தத்துல பார்ப்போம். சி.ஆர்.பி. நூத்தி எழுபது இருக்கு, ஆனா அது ரெண்டுக்குமே ஏறும், அதை வச்சுப் பிரிக்க முடியாது. புரோகால்சிடோனின்னு இன்னொண்ணு இருக்கு. அது பெரும்பாலும் கிருமிக்குத் தான் ஏறும். இவங்களுக்குப் புள்ளி ரெண்டு. கம்மி."

"ஸ்தோத்திரம்!" என்றார் ஜெபகுமார்.

"இருங்க சார். கிருமி நுழைஞ்ச உடனே அது ஏறாது. ஆறு மணி நேரம் ஆகும், சில பேருக்குப் பன்னெண்டு மணி நேரம்கூட ஆகும். நாங்க ரத்தம் எடுத்தது ரெண்டு மணிக்கு. நீங்க பன்னெண்டுக்கு ஜுரம் வந்துச்சுன்றீங்க. ரெண்டு மணி நேரத்துல கம்மியா இருக்குன்னா அதுக்கு அர்த்தமே கிடையாது. இப்ப தான் ஏற ஆரம்பிச்சிருக்கலாம்."

"அப்ப?"

"அப்ப கிருமின்னே வச்சு வைத்தியம் பண்ணணும். ஆன்டிபயாடிக் ஓடிட்டிருக்கு. ஊசி ஜுரம்னா ஸ்டீராய்டு குடுத்து அடக்கிடலாம். ஆனா கிருமி இருக்குறப்ப ஸ்டீராய்டு குடுத்தா, இருக்குற கொஞ்ச எதிர்ப்பையும் நாங்களே புடுங்கிப் போட்ட மாதிரி. எட்டு மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத் தான் முடிவு பண்ண முடியும்."

"அது வரைக்கும்?"

"பி.பி. எண்பத்தி நாலு. அது வரைக்கும் தாக்குப் பிடிக்கணும்." டாக்டர் ரிப்போர்ட்டை மடித்தார். "கிருமின்னு ஆச்சுன்னா வர்ற வெள்ளிக்கிழமை ஊசி கிடையாது. ரொம்பத் தள்ளிப் போனா மறுபடி முதல் டோஸ்ல இருந்து ஆரம்பிக்கணும். கட்டி அது வரைக்கும் காத்திருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

ஜெபகுமார் சுவரைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகும் திறக்கவில்லை! சினேகா அவர் முகத்தையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடத்துகிற வாய். தெருவில் யார் வண்டியை நிறுத்தினாலும் சண்டைக்குப் போகிற வாய்.

அப்போதுதான் லிஃப்ட் திறந்து, டிரைவர் காக்கிச் சட்டையோடு தனசிங் ஓடி வந்தான். ஷீலாவின் தம்பி. அனகாபுத்தூரில் வீடு, கால்டாக்சி ஓட்டுகிறவன்.

"இன்னா மாமா இது? அக்காவுக்கு இன்னா ஆச்சு? பல்லாவரத்துல டிராபிக்ல மாட்டிக்கினேன். இந்த ஒடம்ப வச்சிகினு மாடிப்படி ஏத்தி மைக்க கைல குடுத்தீங்களாமே?"

"தனசிங், சத்தம் போடாத. ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரின்னு இப்ப தான் தெரியுதா?" அவன் சினேகா பக்கம் திரும்பினான். "நீ இன்னாத்துக்குக் கீற அந்த வூட்ல? ஒரு போன் அட்ச்சியா எனக்கு? பெத்த தாய் இப்டி நடுங்கினு கீது, பாத்துகினு சும்மா நின்னியா?"

சும்மா நின்றாளாம்! போனைப் பிடுங்கியவர் இரண்டடி தள்ளி நிற்கிறார். அவரை ஒன்றும் கேட்க மாட்டார்கள். சின்னப் பொண்ணு என்று வாசலில் தள்ளி விட்டார்கள். இப்போது மட்டும் சின்னப் பொண்ணு இல்லையாம், பொறுப்பானவளாம்.

டாக்டர் லிஃப்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். கதவு மூடுவதற்குள் சினேகா உள்ளே பாய்ந்தாள்.

*

லிஃப்டில் ஸ்டூல் போட்டு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள். "எந்த ஃப்ளோர் பாப்பா?"

சினேகா டாக்டர் பக்கம் திரும்பினாள். டாக்டர் போனில் ஐ.சி.யூ.வில் கட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று. இரண்டு.

"மேடம், அது பொய்."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "எது?"

"பன்னெண்டு மணி. நேத்து நைட்டு பத்து நாப்பதுக்கே வந்துடுச்சு. நூத்தியொண்ணு புள்ளி ரெண்டு. காலையில அஞ்சு மணிக்கு நூத்தி ரெண்டு. நான் தான் பார்த்தேன். மாத்திரை குடுத்துக் குடுத்து இறக்குனாங்க. டாடி கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். ப்ளீஸ். என்னை என்ன பண்ணுவார்னு தெரியல. ஆனா மம்மி..."

அதற்கு மேல் வரவில்லை. மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தாள்.

"பத்து நாப்பதுன்னு எப்படி இவ்வளவு கரெக்டா சொல்ற? எங்கேயாவது எழுதி வச்சியா?"

சினேகா போனை எடுத்து நீட்டினாள். கால் லிஸ்டில் ஆஸ்பத்திரி நம்பர். சனிக்கிழமை, இரவு 10.43. ஆறு விநாடி.

டாக்டர் அந்த ஆறு விநாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் குரல் ஏறியது. "பதினஞ்சு மணி நேரம்! அப்ப அந்தப் புள்ளி ரெண்டுக்கு அர்த்தம் இருக்கு. புரியுதா உனக்கு? ரெண்டு மணி நேரமா இதைச் சொல்லாம ஏன்மா நின்ன?"

அவ்வளவுதான். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் சொன்னேன்! வரும்போதே சொன்னேன்! உங்க சிஸ்டர் தான் தள்ளி நில்லுன்னாங்க. பெரியவங்க பேசட்டும்னாங்க. ஜுரம் பார்க்கிறது நானு, மாத்திரை நேரம் பார்க்கிறது நானு, நைட்டெல்லாம் முழிச்சிருக்கிறது நானு. பேசுறது மட்டும் பெரியவங்களா? எல்லாரும் என்னையே கேக்குறீங்க! ஏன் அவரைக் கேக்க மாட்டேங்கறீங்க?"

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. வெளியே காத்திருந்த கூட்டம் உள்ளே வரப் பார்த்தது.

"அடுத்ததுல வாங்க சார். இது இறங்கல" என்றாள் ஸ்டூல் அக்கா. யாரும் கேட்காமலே நாலாம் நம்பரை அமுக்கினாள்.

மேலே போகும் வரை டாக்டர் போனில் பெரிய டாக்டரிடம் பேசினார். "பதினஞ்சு மணி நேரம் சார்... ஊசி போட்டு முப்பத்தஞ்சு மணி நேரத்துல ஆரம்பிச்சிருக்கு... ஆமா சார், டைமிங் பொருந்துது... கல்ச்சர் வர்ற வரைக்கும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தல... சரி சார், உடனே குடுத்துடறேன்."

கதவு திறப்பதற்கு முன் சினேகாவின் தோளில் கை வைத்தார். "உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

*

சொல்லவில்லைதான். நர்ஸிடம் ஸ்டீராய்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே ஜெபகுமாரிடம் போனார்.

"சார், இன்னொரு தடவை கேக்குறேன். ஜுரம் எப்போ ஆரம்பிச்சுது?"

ஜெபகுமார் பாஸ்டரைப் பார்த்தார். தனசிங்கைப் பார்த்தார். லிஃப்ட் பக்கம் நின்ற மகளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவ சின்னப் பொண்ணு மேடம். பயத்துல ஏதாவது உளறியிருப்பா."

"உளறல டாடி!"

தன் குரல் இவ்வளவு பெரியது என்று சினேகாவுக்கே அன்றுதான் தெரிந்தது. எதிர் வார்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"பத்து நாப்பதுக்கு நூத்தியொண்ணு. உங்க கண்ணு முன்னாடி காட்டுனேன். போன் பண்ணா போனைப் புடுங்கிட்டீங்க. மம்மி நிக்க முடியாம மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சிட்டிருந்தாங்க, நீங்க அல்லேலூயான்னு கை தட்டிட்டிருந்தீங்க!"

தனசிங் ஒரு அடி முன்னால் வந்தான். "மாமா. பாப்பா சொல்றது மெய்யா?"

பாஸ்டர் அசரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாத, அதிகம் பேசாத மனிதர்.

"காலையில படிக்கட்டு கிட்டயே கேட்டேனே பிரதர். சிஸ்டர் முகம் வாடியிருக்கே, இன்னொரு வாரம் பார்த்துக்கலாமான்னு. ஒண்ணுமில்ல பாஸ்டர், சந்தோஷத்துல தூங்கலன்னு சொன்னீங்களே."

"எல்லாருக்கும் மெசேஜ் போயிடுச்சு பாஸ்டர்..."

"மெசேஜ் போனா இன்னொரு மெசேஜ் போடலாமே பிரதர்."

"அதுக்காக மட்டுமில்ல!" ஜெபகுமாரின் குரல் உடைந்தது. "உடனே கூப்பிடணும்னு அட்டையில போட்டிருக்கு. நாங்க கூப்பிடல. இப்ப உண்மையச் சொன்னா ரூல் மீறிட்டோம்னு லிஸ்ட்ல இருந்து அவ பேரை எடுத்துட்டா? இந்த ஊசியை விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?"

"லேட்டா கூப்பிட்டா திட்டுவோம் சார். பேரை எடுக்க மாட்டோம்" என்றார் டாக்டர் மாளவிகா. "நீங்க சொன்ன பன்னெண்டு மணியை நம்பி, குடுக்க வேண்டிய மருந்தைக் கையில வச்சுக்கிட்டு நான் சும்மா நின்னுட்டிருந்தேன். அவங்களுக்கு இன்னும் பத்து பாயின்ட் பி.பி. இறங்கியிருந்தா, நான் யார் கிட்ட போய்க் கணக்குக் கேக்குறது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வார்டுக்குள் போய்விட்டார்.

தனசிங் கையை முறுக்கிக்கொண்டு நின்றான். அடிப்பானோ என்று சினேகா பயந்தாள். அடிக்கவில்லை. அவளிடம் வந்து, "மன்ச்சிக்க பாப்பா. ரூட்டு தெரியாம உன்னிய கத்திட்டேன்" என்றான். கேண்டீனிலிருந்து ஒரு டீயும் இரண்டு சமோசாவும் வாங்கி வந்து அவள் மடியில் வைத்தான்.

*

எட்டரை மணிக்கு இரண்டாவது ரிப்போர்ட். புரோகால்சிடோனின் புள்ளி மூன்று. ஏறவில்லை என்றே சொல்லலாம். பி.பி. நூற்றியெட்டு. காய்ச்சல் இல்லை. ஐ.சி.யூ. கட்டில் தேவைப்படவில்லை.

"ஊசி ஜுரமாத் தான் தெரியுது" என்றார் டாக்டர், ஷீலாவின் கட்டிலருகே நின்று. "நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். இந்த நம்பரும் சில நேரம் ஏமாத்தும். ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்குற கல்ச்சர் ரிப்போர்ட் ரெண்டு நாள்ல வரும். அதுவும் சுத்தமா இருந்தா வெள்ளிக்கிழமை ஊசியைப் பத்திப் பேசலாம்."

ஷீலா மெல்லத் தலையாட்டினாள். உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் தெளிந்திருந்தது.

"ஒரு விஷயம்மா. இனிமே ஊசிக்கு அப்புறம் வீட்ல டெம்பரேச்சர் பார்த்து எங்களைக் கூப்பிடறதுக்கு ஒருத்தர் பேர் எழுதிக் கையெழுத்து வாங்கணும். யார் பேரை எழுதட்டும்?"

கட்டிலின் கால்மாட்டில் ஜெபகுமார் நின்றிருந்தார். நாலு மணியிலிருந்து அதே இடம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் லேசாக முன்னால் வந்தார்.

"சினேகா பேரை எழுதுங்க" என்றாள் ஷீலா.

"பதினெட்டு வயசு ஆகணும்மா."

"பதினாறு தான் ஆகுது." ஷீலா தம்பியின் பக்கம் தலையைத் திருப்பினாள். "அப்போ என் தம்பி. தனசிங். வெள்ளிக்கிழமை ஊசி போட்டதும் அனகாபுத்தூருக்குப் போறேன். நானும் சினேகாவும்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். தனசிங் ஆதார் கார்டு எடுக்கப் பர்ஸைத் திறந்தான்.

சினேகாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. மம்மிக்குக் கடைசியில் வாய் வந்துவிட்டது. இருபது வருஷமாக 'அவர் சொன்னா சரி' என்று சொன்ன வாய்.

"ஷீலா." ஜெபகுமார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் தப்பு பண்ணேன். இல்லைன்னு சொல்லல. எல்லார் முன்னாடியும் என் முகத்துல கரி பூசியாச்சு, அதையும் வாங்கிக்குறேன். ஆனா வீட்டை விட்டே போற அளவுக்கா? நான் ஒருத்தன் மட்டுமா மறைச்சேன்? போன வாரம்..."

நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தாமதமாகிவிட்டது.

டாக்டரின் பேனா நின்றது. "போன வாரம் என்ன சார்?"

அவர் ஃபைலில் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"ரெண்டாவது ஊசிக்கு அப்புறமும் ஜுரம் வந்துச்சா? அது தெரியாமலா நான் முழு டோஸ் போட்டேன்?"

ஜெபகுமார் டாக்டரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சினேகா பிடித்துவிட்டாள். குற்றவாளியின் பார்வை இல்லை அது. இன்னொருவருக்காக வாயைக் கட்டிக்கொண்டவரின் பார்வை.

"போன வாரம் எனக்கு எதுவுமே தெரியாதே" என்றாள் சினேகா. "நான் தானே டெய்லி பார்த்தேன். தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தெட்டுன்னு தான் இருந்துச்சு. டாடி, நீங்க என்ன பண்ணீங்க? சொல்லுங்க. அப்பவும் மாத்திரையைக் குடுத்துட்டு..."

"அவரைத் திட்டாத பாப்பா."

ஷீலா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போன வாரம் மாத்திரையைப் போட்டுக்கிட்டு உன்கிட்ட தெர்மாமீட்டர் நீட்டுனது நான் தான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்குனதும் நான் தான்."